செவலை துலுக்கும் வரைக்கும்

மேச்சேரிப் பக்கத்துச் செம்மண் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரக்காளுக்கு ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. மலை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதன் உச்சியில் ஏறி நின்ற பிறகுதான் மறுவேலை பார்ப்பாள். பாலமலை ஏறியாகிவிட்டது. சேர்வராயன் மலை ஏறியாகிவிட்டது. சேந்தமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், தாலி கட்டுகிற நேரத்தில் கொல்லிமலையில் பாதி வழியில் இருந்தாள். அந்த மாப்பிள்ளையின் முகம் கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் காளியண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். பிள்ளை குட்டி கிடையாது. அண்ணனுடைய செம்மறிகளை ஓட்டிப்போய் மேய்ப்பதும், குடியானவர்கள் கூப்பிட்ட காட்டில் புழுக்கை உரத்துக்காகப் பட்டி அடைப்பதும் அவள் பாடு. காளியண்ணன் சிடுசிடுப்பான ஆள். ஆனால் தங்கைக்குத் தலைவலி என்றால் வீட்டில் ஒருவரையும் வேறு வேலை பார்க்க விடமாட்டார். இதை வெளியில் சொன்னால் அதற்கும் சிடுசிடுப்பார்.

மேட்டூரில் அணைக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. மேச்சேரிச் சந்தையில் ஒரு பரதேசி உட்கார்ந்து, தான் பார்த்த பனிமலைகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு சேதி சொன்னான். வடக்கே அந்த மலைகளில் ஆடுகள் மூட்டை சுமக்கின்றனவாம். முதுகின் இரண்டு பக்கமும் பை தொங்குமாம். தானியம் மேலே போவதும் உப்பு கீழே வருவதும் ஆட்டு முதுகில்தானாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆடு விற்க வந்திருந்த மாரக்காள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, மூட்டையோட போறப்ப அதுக மேயுமுங்களா?" என்று கேட்டாள்.

"மேய்ஞ்சுக்கிட்டேதாம்மா மலை ஏறும்."

அவ்வளவுதான், அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புண்ணியம் தேடி வடக்கே போனவர்கள் எத்தனையோ பேர். மாரக்காளுக்குப் புண்ணியத்தைப் பற்றி ஒரு யோசனையும் இல்லை. ஆடு மூட்டை சுமப்பதைப் பார்க்க வேண்டும், அந்த மலைகளில் ஏறி நிற்க வேண்டும். அதற்காகக் கால் தேய நடக்கவும் தயாராக இருந்தாள்.

காளியண்ணன் முதலில் கத்தினார். பிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். கடைசியில் தந்திரமாக ஒரு வழி கண்டுபிடித்தார். "நானென்னத்துக்குச் சொல்றது? முனியப்பனையே கேட்டுருவோம். கேக்கறது உன்ற கெடாயை வெச்சுத்தான் கேக்கோணும்" என்றார்.

அந்தப் பக்கத்தில் சாமியிடம் உத்தரவு கேட்பதென்றால் கிடாயைக் கோயில் முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். அதற்குத் துலுக்குவது என்று பெயர். துலுக்கினால் சாமி சரி என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். காரியம் முடிந்ததும் அந்தக் கிடாயை அதே இடத்தில் வெட்டிவிட வேண்டும். மாரக்காளுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே கிடாய்தான். தாயில்லாத குட்டியாகக் கிடைத்ததைப் பால் ஊட்டி வளர்த்து, செவலை என்று பெயர் வைத்திருந்தாள். அதை வெட்ட மனம் வராமல் தங்கை பின்வாங்கிவிடுவாள் என்பது அண்ணனின் கணக்கு.

மாரக்காள் செவலையின் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். ஆனாலும் சரி என்றுவிட்டாள்.

ஊர் கூடியது. பூசாரி செங்கோடன், "முனியப்பா, இவ போறதுக்கு உத்தரவு குடு சாமி. நடை முடிஞ்சு வந்ததும் கெடாய் உனக்கு" என்று வேண்டி ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். செவலை நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். செவலை நாக்கை நீட்டி மூக்கில் வழிந்ததை நக்கியது. குடமே காலியாயிற்று. செவலை கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றதே தவிர, ஒரு மயிர்கூடச் சிலிர்க்கவில்லை. காரணம் சின்னது. குட்டியிலிருந்தே மாரக்காள் தினமும் அதை ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டி வந்தாள். தண்ணீர் என்றால் அதற்குத் தாய்மடி. இது ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேடிக்கை என்னவென்றால் குளிப்பாட்டியவளுக்கே தோன்றவில்லை.

காளியண்ணன் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "அப்பறமென்ன? சாமி வேண்டாங்குது. ஆட்டை ஓட்டு, போலாம்."

"வேண்டாம்னு எங்கீங்கண்ணா சொல்லுச்சு? இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்க" என்றாள் மாரக்காள். பிறகு பூசாரி பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, துலுக்கற வரைக்கும் தண்ணி ஊத்தோணும். ஆனா ஒரே எடத்துல நின்னுதான் ஊத்தோணும்னு இருக்குதுங்களா?"

செங்கோடன் தாடியைச் சொறிந்தார். அப்படி ஒரு சட்டம் அவர் கேள்விப்பட்டதில்லை. இருக்கிறது என்று சொல்லவும் முனியப்பன் முன்னால் நாக்கு வரவில்லை.

"அப்ப இவனைக் கூட்டீட்டு நடந்துக்கிட்டே ஊத்தறனுங்க. எங்க துலுக்குதோ துலுக்கட்டும்."

காளியண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் என்பது மேலுக்குத்தான், உள்ளே முழுக்கப் பயம். தனியாகப் போகிற தங்கை எந்த ஊர் மரத்தடியில் விழுந்து கிடப்பாளோ என்ற பயம். ஆனால் வாயில் வந்தது வேறு. "சாமி உத்தரவு இல்லாமத் திரும்பி வந்தீன்னா என்ற ஊட்டு வாசப்படி மிதிக்காதே!" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டார். சொன்ன வார்த்தையை விழுங்கத் தெரியாத மனிதர். மறுநாள் காலையில் மாரக்காள் ஒரு கம்பளி, ஒரு சொம்பு, ஒரு கிடாயோடு தோப்பூர்க் கணவாய்ப் பக்கம் நடையைக் கட்டினாள்.

வழி கேட்க அவளுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஆட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டே போனாள். மைசூர்ச் சீமைக் குறும்பர்கள் தங்கள் மந்தையோடு கொஞ்ச தூரம் கூட்டிப்போய்த் தெலுங்கு ஆட்டுக்காரர்களிடம் சேர்த்தார்கள். அவர்கள் மராத்திக்காரர்களிடம் சேர்த்தார்கள். எல்லா இடத்திலும் குட்டிக்குப் பால் ஊட்டுவாள், முள் எடுப்பாள், கூழோ ரொட்டியோ கொடுத்ததைச் சாப்பிடுவாள். பாஷை தெரியாத இடத்தில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொன்னால் போதும், உட்காரப் பாய் வந்துவிடும். தினமும் காலையில் கண்ட தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துச் செவலை மேல் ஊற்றுவாள். கிருஷ்ணாவில் ஊற்றினாள், கோதாவரியில் ஊற்றினாள், நர்மதையில் ஊற்றினாள். செவலை எங்கும் கண்ணை மூடிச் சுகமாக நின்றது.

முதல் சில மாதம் அவளுக்கு அது கவலையாக இருந்தது. துலுக்காவிட்டால் வீடு இல்லை. போகப் போகக் கவலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. துலுக்கினால் செவலை இல்லை. ஊற்றியபின் கிடாய் அசையாமல் நின்றால், "நல்ல பையன்" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். இன்னும் ஒரு நாள் நடக்கலாம் என்று ஆகிவிடும். முனியப்பன் பார்த்துக்கொண்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மலையிலிருந்து கங்கை இறங்குகிற இடத்துக்கு வந்து, அங்கிருந்து பத்ரி போகிறவர்களோடு மேலே ஏறினாள். சறுக்கலில் மற்றவர்கள் தவழ்ந்தபோது இவள் கொல்லிமலை ஏறிய காலால் சிரித்துக்கொண்டே ஏறினாள். ஒரு திருப்பத்தில் மணிச்சத்தம் கேட்டது. எதிரே ஒரு மந்தை, உடம்பெல்லாம் சடைசடையாக மயிர். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு பை. அதுகள் மேய்ந்துகொண்டே ஏறின. மாரக்காள் பாதையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். அந்தப் பரதேசி பொய் சொல்லவில்லை. உலகத்தில் இப்படியும் ஒன்று இருக்கிறது, அதைத் தான் பார்த்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவளுக்குத் தாளவில்லை.

மந்தைக்காரி பார்பதி என்கிற மலைக்காரப் பெண். அவள் செவலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். மேச்சேரி ஆட்டுக்கு மேலெல்லாம் குட்டை மயிர்தான். "ஐயோ பாவம், இதை யார் இப்படி ஒட்டச் சிரைத்தது?" என்று கேட்டாள். வழியில் கற்ற அரைகுறை இந்துஸ்தானியில் மாரக்காள், "உன் ஆட்டுக்கு ஏன் இப்படிப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டாள். இருவருக்கும் அந்த நிமிஷமே ஒட்டிக்கொண்டது. பார்பதியின் குடும்பத்தோடு அவள் திபெத்துக்குப் போகிற நீதிக் கணவாய்ப் பக்கம் நடந்தாள். செவலைக்கும் கம்பளியில் சட்டையும் சின்னதாக இரண்டு பையும் தைத்துப் போட்டாள். முதல் நாள் அது படுத்து அழும்பு பண்ணியது. மூன்றாம் நாள் மந்தைக்கே தலைவன் மாதிரி முன்னால் நடந்தது.

ஒரு மத்தியானம் கணவாய் மேட்டில் வானம் வெளுத்து, பஞ்சு பஞ்சாகப் பனி விழுந்தது. மாரக்காள் முகத்தைத் தூக்கி வாயைத் திறந்து நின்றாள். அப்போது செவலையின் நெற்றியில் ஒரு கொத்து விழுந்தது. கிடாய் திகைத்தது. பிறகு தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது, கழுத்து மணி சிதறுகிறாற்போல் குலுங்கியது.

மாரக்காள் திறந்த வாயை மூடவில்லை. முனியப்பன் சொல்லிவிட்டார். போ என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வழி திறந்துவிட்டது. அவள் செவலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பார்பதி பதறி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. சுற்றிலும் கையைக் காட்டினாள். மந்தை முழுக்க, பனி விழ விழ, ஒவ்வொரு ஆடும் உடம்பை உதறிக்கொண்டிருந்தது. "உங்கள் சாமிக்கு எங்கள் ஊரில் வேறு வேலையே இருக்காது போலிருக்கிறதே. நாளெல்லாம் போ, போ என்றே சொல்லிக்கொண்டிருப்பாரே!"

அழுகையோடு அழுகையாக மாரக்காளும் சிரித்துவிட்டாள். போ போ என்று சாமி அத்தனை தடவை சொன்னபிறகு போகாமல் இருப்பது மரியாதையா? அதற்கப்புறம் அவள் ஓயவில்லை. திபெத்து வரைக்கும் தானியத்தோடு போய் உப்போடு திரும்பினாள். மானசரோவரத்தில் செவலையைக் குளிப்பாட்டினாள். கைலாசத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், கும்பிட்ட கையோடு அங்கே மேய்ச்சல் எப்படி என்றும் பார்த்துவைத்தாள். நேபாளத்து மலைகளில் ஒரு வருஷம் சுற்றினாள். இத்தனை சந்தோஷத்திலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணனைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்று நினைத்தால் அவளுக்கு நடை தளர்ந்தது. போனால் செவலைக்குக் கத்தி. போகாவிட்டால் அண்ணன் இல்லை. கடைசியில் ஒருநாள் பார்பதியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, தெற்கே திரும்பினாள்.

அவள் மேச்சேரிக்கு வந்தபோது மேட்டூர் அணையில் தண்ணீர் கடலாக நின்றது. கறுத்து, இளைத்து, கம்பளிச் சட்டை போட்ட கிழட்டுக் கிடாயோடு வந்தவளைப் பார்க்க ஊரே ஓடி வந்தது. நேராக முனியப்பன் கோயிலுக்குத்தான் போனாள். காளியண்ணன் வந்து எதிரே நின்றார். நரைத்துவிட்டிருந்தார். தங்கையைத் தொட்டுப் பார்க்கத் துடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"துலுக்குச்சா?" என்றார்.

அந்தப் பனிமேட்டில் நடந்தது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. துலுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் செவலை பிழைக்கும். ஆனால் முனியப்பன் முன்னால் நின்று பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"துலுக்குச்சுங்கண்ணா."

கூட்டம் ஹோவென்று கத்தியது. காளியண்ணன் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். செங்கோடன் கத்தியை எடுக்க உள்ளே திரும்பினார்.

"இருங்க பூசாரி" என்றாள் மாரக்காள். கிடாயின் கழுத்தில் போட்ட கையை அவள் எடுக்கவில்லை. "நடை முடிஞ்சாத்தான கெடாய்ன்னு வேண்டுனீங்க? என்ற நடை இன்னும் முடியலீங்களே. அண்ணனைப் பாத்துட்டுப் போலாம்னு நடுவுல வந்தனுங்க."

செங்கோடன் விழித்தார். தான் வேண்டிய வார்த்தை அதுதான் என்று அவருக்கே நினைவிருந்தது. என்ன செய்வது என்று காளியண்ணனைப் பார்த்தார். ஊரும் அவரைத்தான் பார்த்தது.

"எப்பத்தான் முடியும்?" என்று கேட்டார் காளியண்ணன்.

"மலையெல்லாம் தீந்தா முடிஞ்சுருமுங்க."

காளியண்ணன் தலையைத் தூக்கிப் பாலமலையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஒரு மலை நீலமாகத் தெரிந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று, புகை மாதிரி. பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, செவலையின் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"கத்தியை உள்ள வையுங்க, பூசாரி" என்றார். பிறகு தங்கையைப் பார்த்து வழக்கம்போலச் சிடுசிடுத்தார். "நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி அம்முணி? ஊட்டுக்கு வா. களி ஆறிப்போவுது."