சாயங்காலம் மடங்கிய கால்கள்

காலையில் என் அக்காவைப் பிடிக்க முடியாது. பள்ளிக்கூட பஸ் கிளம்பிவிட்டால் பின்னாலேயே ஓடி ஏறிவிடுவாள். சாயங்காலம் அதே பஸ்ஸிலிருந்து அவளை நான்தான் இறக்க வேண்டும். பாதம் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும், தரையில் ஊன்றாது. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மறுபடி நடப்பாள். இதை யார் நம்புவார்கள்? சோம்பேறித்தனம் என்றார் அப்பா. டாக்டர் பார்ப்பதோ காலையில் மட்டும். அந்நேரம் அக்கா விறுவிறுவென்று நடந்து காட்டுவாள், அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவள் பையையும் சேர்த்துச் சுமந்த எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயிலைச் சுற்றி வந்தால் கால்வலியை அம்மன் வாங்கிக்கொள்வாள் என்பார்கள். அம்மா நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டாள். வெயில் தாழட்டும் என்று சாயங்காலமாக அக்காவைக் கூட்டிப்போனோம், அவளுக்கு ஆகாத நேரமாகப் பார்த்து! இருபது சுற்றுகூட ஆகியிருக்காது, கால் இழுத்துக்கொண்டது. கூட்டம் எங்களையே பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

“எக்கா, எல்லாரும் பாக்காவ. நடிக்காத, நட” என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பத்தொன்பது வயதில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

போன வருஷம் என் மகளுக்கும் சாயங்காலம் பாதம் மடங்கியது. மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, “பிள்ளையை நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டு வாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தம் எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். ஜிசிஎச்1 என்று பெயராம். மூளையில் கைகால் அசைவுக்கான டோபமைன் உண்டாக ஒரு நொதி வேண்டும், அந்த நொதியை உண்டாக்குவது இந்த மரபணு. அதில் ஓர் எழுத்து பிசகினால் டோபமைன் குறைவாகவே ஊறும். தூங்கி எழுந்தால் கொஞ்சம் இருக்கும், பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். பிசகு என்னிடமிருந்துதான் மகளுக்குப் போயிருக்கிறது. சிலருக்கு அது ஒன்றும் செய்யாதாம். எனக்குச் செய்யவில்லை.

அந்தக் குறையை ஈடுகட்ட தினமும் அரை மாத்திரைதான் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மகள் பொழுதடைந்த பிறகும் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினாள். சந்தோஷப்படாமல் இருப்பேனா? ஆனால் வாசலில் நின்று பார்க்கப் பார்க்க அக்காவைத்தான் தேடியது மனசு. அந்த அரை மாத்திரையோடு அவளிடம் ஒரே ஒரு சாயங்காலம் போய்ச் சேர முடிந்தால் போதும் என்றிருந்தது. ரிப்போர்ட்டை பீரோவில் அவள் தாவணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இனி இருப்பது அந்தப் பிசகு ஒன்றுதான்.

காய்ச்சலில் கிடந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்:

“ஏட்டி, காலையில ஓடுத காலு சாயங்காலம் ஏன் ஓடமாட்டேங்கு? நெசமாவே நான் நடிக்கத்தான் செய்யுதேனா? எனக்கே தெரியலட்டி.”

இல்லையென்று நான் சொல்லவில்லை.