சிமெண்டுக்குள் போன நாய்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றில், சுவருக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பவன் புகழேந்தி. திங்கட்கிழமை மனுநாளில் அவன் தட்டுகிற தட்டில் கீபோர்டிலிருந்து புகை கிளம்பும். ஒருமுறை தீயணைப்பு வண்டியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். வரப்புத் தகராறு, வராத பட்டா, நின்றுபோன பென்ஷன் என்று மாவட்டத்தின் குறையெல்லாம் அவன் விரல் வழியாகத்தான் உள்ளே போகும். அடுத்தவர் நியாயத்தை அத்தனை நறுக்கென்று எழுதுகிறவனுக்குத் தன் நியாயம் என்று வந்தால் மட்டும் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அவனுக்கென்று வாங்கிய சைக்கிளை மாமன் மகன் வல்லரசு ஓட்டினான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் சித்தப்பா வீட்டார் படம் பார்த்தார்கள். அவன் படுக்கும் அறையில் ஒரு வருஷம் கடலை மூட்டைகளை அடுக்கினார்கள். மூட்டைகள் வெளியே வரவில்லை, அவன்தான் வந்தான். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டையைக்கூட முதலில் போட்டு அழகு பார்த்தவன் வல்லரசுதான். பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் அவன் கையில் மோதிரம் போடப் போய், நடுவில் சுதாரித்துக்கொண்டாராம். "அதுக்கென்ன, எடுத்துக்கங்க" என்பதுதான் புகழேந்தி தன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம்.

யாரும் கேட்டு வராத ஒரே ஒரு சொத்து அவனிடம் இருந்தது. வீடியோ கேம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் பிடித்த பித்து, கல்யாணமான பிறகும் தெளியவில்லை. மனைவி சிந்துஜா செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரிசப்ஷன் பார்ப்பவள். வெள்ளைக்காரர்களின் எல்லா விதக் கிறுக்கையும் பார்த்துப் பழகியவள் என்பதால், வீட்டுக் கிறுக்கை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் அவன் ஆசைப்பட்டது ஒரு வேட்டைக்காரன் ஆட்டம். ஆட்டத்தை மட்டும் வாங்கியிருக்கலாம். இவன் சிலையும் புத்தகமும் சேர்ந்து வரும் கலெக்டர்ஸ் எடிஷன் கேட்டு, ஒரு வருஷம் முன்னாலேயே பதிவு செய்து வைத்தான். பெட்டி வந்து இறங்கியபோது தெருவே வாசலுக்கு வந்தது. கலெக்டரே கொடுத்தனுப்பியது என்று இரண்டு வீடுகள் கடைசிவரை நம்பின.

உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். வில்லேந்திய வேட்டைக்காரன், காலடியில் நாயோடு, ஒரு முழ உயரச் சிலை. ஓவியப் புத்தகம். காட்டின் வரைபடம் அச்சடித்த துணி. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளங்கை அகலத்தில் ஒரு உலோகத் தகடு. அதன் முதுகைச் சுரண்டினால் ரகசிய எழுத்துகள் தெரியும். அந்த எழுத்துகளை ஆட்டத்தில் அடித்தால் வேட்டைக்காரனுக்குத் துணையாக ஒரு நாய் வரும். பொத்தானை அழுத்தி விசில் அடித்தால் காட்டின் எந்த மூலையிலிருந்தாலும் ஓடி வரும். பெட்டி வாங்காதவனுக்கு நாய் கிடையாது.

"ஆட்டம் எங்கங்க?" என்று கேட்டாள், பட்டியல் முழுவதையும் கேட்டு முடித்த சிந்துஜா.

"அது பெட்டியில வராது. அடுத்த மாசம் நெட்ல ரிலீசாவும்."

"ஆட்டமே இல்லாத ஆட்டப் பெட்டி! எங்க ஓட்டல்லகூட சாப்பாடு இல்லாம தட்டு மட்டும் வைக்கிறதில்லீங்க."

புகழேந்தி சிரித்தான். பெட்டியின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. ஆட்டம் வெளிவரும் நாளில் கடைக்கு லீவு போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையால் பிரிக்க வேண்டும். அதுவரை பீரோவின் மேல் வைத்து, தினமும் காலையில் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனான். தனக்கென்று வந்து, தன்னிடமே தங்கிய முதல் பொருள் அது.

அதே சமயத்தில் ஊரில் அவன் அம்மா ஆராயிக்குத் தூக்கமில்லை. நிலத்து போர்வெல் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்கியது. குலதெய்வம் வேடியப்பனிடம் போய் நின்றாள். ஏரிக்கரை வேப்பமரத்தடியில் நடுகல்லாக நிற்கும் சாமி அது. வில்லும் நாயும் மங்கலாகத் தெரியும். முகம் மழையிலும் எண்ணெயிலும் எப்போதோ கரைந்துவிட்டது. புகழேந்திக்குப் பெரியப்பா முறையான பூசாரி ராஜமாணிக்கத்தின் மேல் சாமி இறங்கி, "நான் இருட்டுல அடைஞ்சி கெடக்கறேன், மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டது. எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்று கேட்பதற்குள் பூசாரி மயங்கிவிட்டார்.

அந்தப் பௌர்ணமிக்கு ஆராயி வழக்கம்போல மலை சுற்ற வந்தாள். சுற்றிவிட்டு மகன் வீட்டில் படுத்தவள், மறுநாள் கண் விழித்து அண்ணாந்து பார்த்தாள். பீரோ மேல், பளபளக்கும் தாளுக்குள், பெட்டியின் அட்டையில் வில்லோடும் நாயோடும் வேடியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அத்தனை தெளிவாக இருந்தது.

அது திங்கட்கிழமை. சிந்துஜா வேலைக்குப் போயிருந்தாள். புகழேந்தியின் கடையில் கூட்டம் கழுத்தை நெரித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அவன் தட்டிக்கொண்டிருந்தான்.

"கண்ணு, பீரோ மேல பெட்டியில அடைச்சி வெச்சிக்கீறியே, அத்த நான் எட்த்துக்கினு போவட்டா?"

புகழேந்தியின் காது மனுதாரரிடம் இருந்தது. வாய் மட்டும் தன் பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது.

"அதுக்கென்னம்மா, எடுத்துக்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் பீரோவைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் தாள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டியில் புத்தகம் இருந்தது. சிலை இல்லை. தகடு இல்லை. சிலையை மூட்டை கட்டிக்கொண்டு போனதால் வரைபடத் துணியும் இல்லை.

"அது வேடியப்பன் சாமின்னு அத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுபோயிட்டாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்களாமே! நீங்க சரின்னீங்களாம்" என்றாள் சிந்துஜா.

"நான் எப்பவும்தான் சரிங்கறேன்" என்றான் அவன்.

மறுநாள் முதல் பஸ்சில் ஊருக்குப் போனான். பஸ் முழுக்க மனதுக்குள் மனு தயாரித்துக்கொண்டே போனான். அம்மா, அது சாமி இல்லை, பொம்மை. பெரியப்பா, அது ஆட்டத்தில் வருகிற ஆள். ஒவ்வொரு வரியும் சட்டப்படி சரியாக இருந்தது. ஏரிக்கரையில் இறங்கியதும் அத்தனை வரியும் அழிந்துபோனது.

நடுகல்லுக்குப் பக்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாக எழும்பிய புதுப் பீடம். அதன் மேல் வேட்டைக்காரன், நெற்றியில் சந்தனம், கழுத்தில் எலுமிச்சை மாலை, இடுப்பில் மஞ்சள் துண்டு. நாய்க்கும் ஒரு பொட்டு. கொத்தனாரான வல்லரசு கரணையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வா மச்சான்! கலவை எப்டி? பாலத்துக்குப் போடற கலவை. பிரளயம் வந்தாலும் சாமி அசையாது."

"எதுக்குடா சிமெண்டு?" என்றான் புகழேந்தி.

"சும்மா வெச்சா எவனாச்சும் தூக்கிக்கினு பூடுவான்ல?"

"கூட ஒரு தகடு இருந்துச்சே…"

பூசாரி ராஜமாணிக்கம் முகமெல்லாம் மலர்ந்தார். "அத்தக் கேளு! சாமி வெச்சா பீடத்துக்கு அடியில எந்திரத் தகடு வெக்கணும். அத்த எழுதி வாங்க திருவண்ணாமலைக்கு அலையணுமேனு பாத்தா, சாமி தானே கொண்ணாந்துகீது! படிச்சிப் பாத்தேன், ஒரு எழுத்தும் புரியல. அப்பவே தெரிஞ்சிக்கினேன், சக்தி ஜாஸ்தினு. என் கையாலயே அடியில வெச்சேன்."

"சுரண்டினீங்களா பெரியப்பா?"

"சுரண்டறதா? எந்திரத்தையா? இன்னாடா பேச்சு இது!"

புகழேந்தி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஆராயி நிலத்திலிருந்து ஓடி வந்தாள், தலை முதல் கால் வரை நனைந்துபோய். மோட்டார் தண்ணீரை எடுத்துவிட்டதாம். எடுத்தது என்றால் சாதாரணமாக இல்லை, குழாயிலிருந்து பாய்ந்த வேகத்தில் வேலியில் இருந்த காக்கை குளித்துவிட்டுப் பறந்ததாம், பக்கத்து நிலத்துக்காரன் குடை பிடித்தானாம். முந்தின நாள் மெக்கானிக் வந்து குழாயை இறக்கிக் கட்டிவிட்டுப் போனதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மெக்கானிக்கே வேடியப்பன் முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எம்புள்ள கொண்ணாந்த சாமி!" என்று ஆராயி மகனின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஈரக் கை. அந்தக் கைக்கு முன்னால் எந்த மனுவும் நிற்காது. யாரோ கற்பூரத் தட்டை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் சுற்றினான். தன் பெட்டிக்குத் தானே தீபாராதனை காட்டிவிட்டு, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, மத்தியான பஸ்சில் திரும்பினான்.

கடையில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் அடித்தான். பழக்கதோஷத்தில் பொருள் என்று போட்டு, 'நாய் கிடைக்கப் பெறாமை தொடர்பாக' என்று தொடங்கி, பிறகு அதை இங்கிலீஷாக்கி அனுப்பினான். பதில் தன்மையாகத்தான் வந்தது. வருந்துகிறோம், தகட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் ஆவன செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தகடு ஒரு தெய்வத்தின் அடியில் இருக்கிறது என்பதை எந்த இங்கிலீஷில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியாக, வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு துணிச்சலுக்கு வந்தான். பையில் ஒரு உளியும் சுத்தியும் போட்டுக்கொண்டு, ஊரே கடலை பிடுங்கப் போயிருக்கும் உச்சி வெயிலில் ஏரிக்கரைக்குப் போனான். பீடத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை. விரல் போகிற அளவு போதும். தகட்டை உருவி, சுரண்டி, படம் எடுத்து, திரும்பச் செருகிப் பூசிவிடலாம். சாமிக்கும் நஷ்டமில்லை. உளியை வைத்து ஒரு அடி அடித்தான். வல்லரசின் கலவை உளியின் மூக்கை மழுக்கியது.

"இன்னா மச்சான் பண்றே?"

பின்னால் வல்லரசு. அவனுக்குப் பின்னால் கடலைக்காட்டிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த பாதி ஊர்.

புகழேந்தியின் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் எதுவும் சொல்லாததால் ஊரே அவனுக்காகச் சொல்லிக்கொண்டது.

"பேரு பொறிக்க வந்துகீறான் பாவம்! உபயம்னு போட ஆசையிருக்காதா? வாய் விட்டுக் கேக்கத் தெரியாத புள்ள."

"கொண்டா மச்சான், உங்கையில ஆவாது" என்று வல்லரசு உளியை வாங்கிக்கொண்டான். "அதுக்கென்ன, எடுத்துக்க" என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பீடத்தில் கோணல்மாணலாக எழுத்து விழுந்தது: உபயம், வே. புகழேந்தி, வேங்கிக்கால். சைக்கிளிலும் லேப்டாப்பிலும் பட்டுச் சட்டையிலும் ஏறாத அவன் பெயர், முதல்முறையாக ஒரு பொருளின் மேல் ஏறியது. இனி அதை எடுக்க யாராலும் முடியாது, அவனாலும்.

ஆட்டம் வெளிவந்த நாள் அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாளாக அமைந்தது. லீவு போட்டிருந்தான். கதவைச் சாத்தவில்லை. மலை சுற்ற வந்திருந்த ஆராயி கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். சிந்துஜா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் காடு விரிந்தது. 'உங்கள் தகட்டின் எழுத்துகளை உள்ளிடவும்' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'தவிர்' என்பதை அழுத்தினான். வில்லோடு வேட்டைக்காரன் நடக்கத் தொடங்கினான்.

ஆராயியின் கை வெற்றிலையோடு அப்படியே நின்றது. "சாமிடா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு அவள் நெற்றி சுருங்கியது.

"நாயி எங்கடா?"

சிந்துஜா அரிவாள்மணையிலிருந்து ஒருமுறை நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"நாயி இல்லாம வேடியப்பன் காட்டுக்குப் போவாதே. பாவம்டா, தனியாப் போவுது பாரு. எங்க வுட்டுட்டு வந்துச்சு?"

"ஊர்லதாம்மா எங்கியோ மாட்டிக்கினு கீது" என்றான்.

"அப்ப கூப்புடேன்டா! கூப்ட்டா வரும்."

அவன் விசில் பொத்தானை அழுத்தினான். வேட்டைக்காரன் நின்று, வாயில் விரல் வைத்து, நீளமாக ஒரு விசில் அடித்தான். மரங்கள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றாள் ஆராயி.

புகழேந்தி மறுபடி அழுத்தினான்.