ராமதாஸ் இடம் சொல்ல மாட்டார்

நெட்டுக்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ராமதாஸ், தெற்கே மீன் பட்டால் வடக்கே என்பார். காட்டுப்பள்ளிப் பக்கம் பட்டால் திருவொற்றியூரைக் காட்டுவார். கரையில் யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. அவர்களும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் மறுநாள் ஊர்ப் படகெல்லாம் அங்கே நிற்கும்.

மகள் மோகனப்ரியா பிளஸ் டூ முடித்திருந்தாள். வியாசர்பாடி அரசுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி வேண்டும் என்றாள். வீட்டிலிருந்தே போய்வரலாம். இடம் குறைவு, அதையே முதல் விருப்பமாகப் போடு என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"வெளிய மூச்சு வுடாத," என்றார் ராமதாஸ்.

விண்ணப்பிக்க எண்ணூர் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். உள்ளே பெஞ்சில் அதே குப்பத்துக் கோதண்டம், தன் மகளோடு உட்கார்ந்து, அவள் போட்டோ பிரிண்டாகி வரக் காத்திருந்தார். அந்தப் பெண்ணும் பிளஸ் டூதான். ராமதாஸ் வாசலிலேயே நின்றார். திரும்பிப் போகவும் முடியாது. கடைசி நாள்.

மோகனப்ரியா மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள். கம்ப்யூட்டரில் இருந்த ரூஹி கேட்டாள்: "முதல்ல எந்தக் காலேஜ் அங்கிள்?"

கோதண்டம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் விரல் நகரவில்லை.

"பொன்னேரி. பி.காம்," என்றார் ராமதாஸ்.

மகள் வந்து திரையைப் பார்த்தாள்.

"நைனா, இன்னா சொல்லி வெச்சிகீற?"

ராமதாஸ் கண்ணால் பெஞ்சைக் காட்டினார்.

"மார்க்கு பாத்துதான் சீட்டு அங்கிள்," என்றாள் ரூஹி. "யாருக்குத் தெரிஞ்சா இன்னா? தப்பா அனுப்பிட்டு அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

ராமதாஸ் அதை நம்பவில்லை.

கோதண்டம் சிரித்தார். "இன்னா மாமு, கடல்லதான் டபாய்ச்சிகினு கீறன்னு பாத்தா, இங்கயுமா?"

"உன் பொண்ணு இன்னா போடப் போவுது?"

"அதுவா... நர்சிங்கு."

கோதண்டத்தின் மகள் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

மோகனப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வியாசர்பாடி. கெமிஸ்ட்ரி. அதான் ஃபர்ஸ்ட்டு," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

ராமதாஸ் கோதண்டத்தைத்தான் பார்த்தார். கோதண்டம் தன் மகளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

ரூஹி பொன்னேரியை அழித்து வியாசர்பாடியை அடித்தாள். பிறகு பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

"எல்லாம் கரீட்டாத்தாம்மா கீது," என்றார் ராமதாஸ். "முதல்ல எங்களுத அனுப்பு."