தனியாக ஒரு படம்

வேலை விண்ணப்பத்துக்காக மகள் வீட்டிலேயே தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னணிக்கு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்திருந்தேன்.

வல்லம் வடகாலில் என் சிறுவயதில், தெருவுக்கு வந்த போட்டோக்காரரும் இப்படித்தான் எங்கள் சுவரில் வேட்டி கட்டினார். அப்பா தனியாக நிற்க மறுத்தார்.

"தனியா எடுத்தா ஆயுசு கொறையும். நீயும் வாடா."

நெல்தூசி மணக்கும் தோளோடு என்னை இழுத்துக்கொண்டார். கடைசிவரை அவர் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளவே இல்லை. போன மாதம் இறந்தபோது, மாலை போட, அந்தப் படத்திலிருந்து என்னை வெட்டியெடுத்தோம்.

"கை தெரியுதுப்பா, நவுரு."

"நானும் பக்கத்துல நிக்கிறேனேம்மா."

"ஒரகடம் கம்பெனில ஒரு ஆளுக்குத்தாம்பா வேலை கீது!"

வேட்டியை ஆணியில் மாட்டிவிட்டு விலகினேன். எடுத்து முடித்ததும் கைப்பிடி உப்பெடுத்து அவளுக்குச் சுற்றிப்போட்டேன். சிரித்தாள்; ஆனால் அசையாமல் நின்றாள்.