மார்கழியில் தொண்டை கட்டிய குழாய்கள்

அப்பா வைத்திருந்த பழைய பிளஷர் காரின் தலையில் அதுவரை ஒற்றைக் குழாய்தான் இருந்தது. இன்றைக்கு எல்லாரும் ஸ்பீக்கர் என்கிறார்கள். ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் அதற்குக் குழாய் என்றுதான் பேர். டூரிங் கொட்டகையில் படம் மாறினால் அப்பா ஊர் ஊராகப் போய் அதன் வழியாகச் சொல்லிவிட்டு வருவார். அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் திருச்சிக்குப் போனவர், ஊமத்தம்பூ மாதிரி விரிந்த இரண்டு பெரிய குழாய்களோடு வந்து இறங்கினார். பழையது நேரே பார்த்தபடி இருக்கும். புதியவற்றின் வாயை வானம் பார்க்கக் கொஞ்சம் நிமிர்த்திக் கட்டினார். அப்படிக் கட்டினால்தான் சத்தம் தூரம் போகுமாம்.

குடுமியான்மலைப் பக்கத்து நாலைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து, மார்கழி முழுக்க விடியற்காலையில் பக்திப் பாட்டு போட்டபடி சுற்றி வர அப்பாவைக் கேட்டிருந்தார்கள். முதல் நாளே மானம் போயிற்று. பாட்டு கரகரவென்று ஆரம்பித்து, இழுத்து, கடைசியில் வெறும் முனகலாகிவிட்டது. பொடிசுகள் காருக்குப் பின்னாலேயே பொய்யாக இருமிக்கொண்டு ஓடி வந்தார்களாம்.

அப்பா லேசில் விடுகிற ஆளா? பாட்டரியை மாற்றினார். ரெக்கார்டு ஊசியை மாற்றினார். ஒயர்களைச் சுரண்டி முறுக்கினார். குளிருக்கு ஆம்ப்ளிஃபயர் சூடேறாது என்று யாரோ சொல்ல, வீட்டிலிருந்த ஒரே கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு, அவர் நடுங்கிக்கொண்டே ஓட்டினார். புதுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார். அவர் வந்து சேர்ந்ததோ உச்சி வெயிலில். அந்நேரம் பார்த்துக் குழாய்கள் கணீரென்று பாடின.

"அண்ணே, கொளாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒங்க காதைத்தான் யாருகிட்டயாச்சும் காட்டணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார். மறுநாள் விடியலில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

வீட்டில் இதைப் பார்த்துச் சிரித்தது அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. மாமா விஷக்காய்ச்சலில் போனபிறகு எங்களோடு வந்து இருந்தாள். இருபத்து மூன்று வயதில் வெள்ளைச் சேலை. "கொளாய்க்குச் சளி பிடிச்சிருக்குண்ணே, சுக்குக் கசாயம் போட்டு ஊத்துங்க" என்பாள். எனக்குத் தலை பின்னிவிடுவதும் அவள்தான், கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். அம்மாவைவிட அவளைத்தான் எனக்குப் பிடிக்கும். அதை அம்மாவிடமே சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

அம்மா இரண்டு வழியில் வைத்தியம் பார்த்தாள். புதுக் குழாய்க்குக் கண் பட்டுவிடும் என்று, அவை வந்து இறங்கிய அன்றிலிருந்தே தினமும் விளக்கு வைத்ததும் ஏணி போட்டு ஏறி, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை இரண்டின் வாய்க்குள்ளும் சளசளவென்று தெளித்தாள். கீழே செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதற்கும் கேட்காமல் போகவே அவள் பார்வை அத்தை பக்கம் திரும்பியது. கார் கிளம்புகிற நேரத்தில்தான் அத்தை கிணற்றுக்குப் போவாள்.

"வண்டி கெளம்புறப்ப நீ கொடத்தோட எதுக்க வந்தா வெளங்குமா? அது போற வரைக்கும் உள்ளயே இரு" என்றாள் அம்மா.

அத்தை "சரிங்க மதினி" என்றாள். மறுநாளிலிருந்து கார் சத்தம் தேய்ந்து மறையும்வரை நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் கதவை மூடிக்கொண்டு நின்றாள். அப்போதும் குழாய் கரகரத்தது. ஊர்க்காரர்கள் வேறு வண்டி பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். அத்தையை ஆவுடையார்கோவிலில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அவர் ஒயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அத்தை பஸ் ஏறிய மறுநாள் விடியலில் குழாய்கள் பாடின பாருங்கள், அடேயப்பா! மூன்று ஊருக்குக் கேட்டதாம். "நான் சொன்னேனா இல்லையா?" என்று அம்மா கொல்லைத் தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுத்தாள். முந்தின நாள்தான் அவள் வீட்டுக்கு விலக்காகி அங்கே ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். விலக்கான பெண் மஞ்சள் தண்ணீரைத் தொடமாட்டாள். மூன்று நாளும் பாட்டு பிசிறில்லாமல் கேட்டது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, சாமிக்கு நன்றி சொல்லி, வழக்கத்தைவிட ஒரு செம்பு கூடுதலாகவே தெளித்தாள்.

அடுத்த விடியலில் பழையபடி முனகல்.

அப்பா பாதி வழியில் திரும்பி வந்தார். காரின் மேல் ஏறி ஒரு குழாயைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் கொடகொடவென்று கொட்டி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. ராத்திரிக் குளிரில் காயாமல் தேங்கி நிற்கும் ஈரம், மத்தியான வெயிலில் காய்ந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. அம்மா வாசலில் நின்று அந்தச் சட்டையையே பார்த்தாள். அப்பா குழாய்களின் வாயைத் தரை பார்க்கத் திருப்பிக் கட்டினார். அதற்குப் பிறகு அம்மா ஏணியை எடுக்கவில்லை.

"அத்தைய எப்பப்பா கூட்டியாருவீங்க?" என்று கேட்டேன்.

"பொங்கல் கழியட்டும்" என்றார். பொங்கல் கழிந்தது, சித்திரையும் கழிந்தது. தப்பு நம்முடையது என்று போய்ச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. கடுதாசி எழுதியவர்கள்கூட நலம், நலமறிய ஆவல் என்று மட்டுமே எழுதினார்கள்.

ஆனியில் ஆவுடையார்கோவில் திருவிழாவுக்கு விளம்பரம் செய்ய அப்பா போனபோது, அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். பாட்டு முழங்க, பெரியப்பா வீட்டுத் தெருவுக்குள் கார் திரும்பியது. அத்தை இடுப்பில் குடத்தோடு அப்போதுதான் படி இறங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி "அத்தே!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். சட்டென்று படியேறி உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"வேலை இருக்கும்மா, வரும்போது பாக்கலாம்" என்று அப்பா வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். வரும்போது வேறு வழியாக வந்தோம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கூப்பிட்டும் வராத அத்தையோடு இனி சாகும்வரை பேசுவதில்லை என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். எங்கள் பாட்டு கெட்டுவிடக் கூடாதே என்றுதான் அவள் மறைந்து நின்றாள் என்பதும், மஞ்சள் தண்ணீர் விஷயத்தை யாரும் அவளிடம் சொல்லவே இல்லை என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.