காற்றைத் தாங்கும் ட்ரோன்

முக்கூடலில் கல்யாண வீடியோ எடுக்கும் என் அண்ணனிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ட்ரோன் உண்டா அண்ணாச்சி?" இல்லை என்றதும் ட்ரோன் வைத்திருக்கும் பாளையங்கோட்டைக்காரர்களைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல முகூர்த்த மாதங்களிலேயே சும்மா உட்கார்ந்த பிறகு, ட்ரோன் வாங்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

அவர் காட்டிய விளம்பரத்தை நானும் பார்த்தேன். பலத்த காற்றைத் தாங்குமாம், எதிரே மரம் வந்தால் தானே விலகுமாம், விற்பனையில் அதுதான் முதலிடமாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் படத்தில் ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை. வாங்கியவர்கள் எழுதிய பாராட்டுகளையும் படித்தேன். எல்லாம் பெட்டி வந்த அன்றே எழுதியவை. ஒரு மாதம் பறக்கவிட்டுப் பார்த்து எழுதியவர் ஒருவரும் இல்லை.

"நம்ம ஊரு ஆனிக் காத்துக்கு இது தாங்காதுண்ணே," என்றேன்.

"ஏலே, நீ ஆபீஸ்ல பைலைக் கட்டிக்கிட்டு அழு. இதுல உனக்கு என்ன தெரியும்?"

பெட்டி வந்தது. புது வண்டிக்குச் செய்வதுபோல அண்ணனின் மனைவி, என் மதினி, அதற்கும் பூஜை போட்டார். கண்ணாடியாகத் தெரிந்த இடத்திலெல்லாம் சந்தனம், அதன்மேல் குங்குமம். அண்ணன் கேமராக்காரர் அல்லவா, லென்ஸில் இருந்த பொட்டை மட்டும் பக்குவமாகத் துடைத்தார். முன்பக்கம் இருந்த மற்ற சிறிய கண்ணாடிகள்தான் மரத்தைப் பார்த்து விலகுகிற கண்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனியில் முதல் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஆற்றங்கரைச் சாலையில் வந்தது. ட்ரோன் மேலே போனதுமே காற்று அதை இழுக்கத் தொடங்கிவிட்டது. அண்ணன் ரிமோட்டை இந்தப் பக்கம் திருப்புகிறார், அது அந்தப் பக்கம் போகிறது. கடைசியில் ஒரு மருத மரத்தில் மோதி, படித்துறையில் விழுந்து நொறுங்கியது. மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சர்வீஸ் சென்டரில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கண்ணில் சந்தனம் இருந்ததால் வாரண்டி கிடையாது. காற்றைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"காத்து இழுத்துட்டுப் போனதை நாம பாத்தோம்லா அண்ணே. காத்தைத் தாங்கியிருந்தா மரத்துப் பக்கமே போயிருக்காதுல்லா," என்றேன்.

"பேசாம இருலே. அது நல்ல மிஷின். இவதான் பொட்டு வச்சுக் கெடுத்துட்டா."

மதினி அடுப்படியில் கேட்டுக்கொண்டுதான் நின்றார். யாரோ முகம் தெரியாதவன் விளம்பரத்தில் சொன்ன பொய்க்கு இவர் குற்றவாளியாக நிற்கிறாரே என்று எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

மறு வாரம் அண்ணன் தன் வீடியோ கேமராவை விற்று, அதே கம்பெனியின் அடுத்த மாடலுக்குச் சொல்லிவிட்டார். இதற்குக் கண்கள் கூடுதலாம். கீழே நின்று எடுக்க இனி அவரிடம் ஒன்றும் இல்லை.

"பெட்டி வரும்போது நீ இந்தப் பக்கமே வரக் கூடாது," என்று மதினியிடம் சொன்னார்.

"அன்னைக்கு நான் சாத்தான்குளத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன்," என்றார் மதினி.

"அதான் நல்லது," என்றார் அண்ணன்.