ரஞ்சன்குடியில் நல்ல நிழல் கேட்ட கதை

என் தோழி காவ்யாவுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் முகம் வேண்டாம், ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவரில் தங்கள் நிழல் மட்டும் போதும் என்று அவளும் மாப்பிள்ளை செந்திலும் முடிவு செய்தார்கள். படமெடுப்பவள் நான் (மொபைல்தான், யூடியூப்தான் குரு!). அவள் அப்பா ஒரே நிபந்தனை வைத்தார்: போகிற அன்றே மாலை ஆறு மணிக்குள் படம் வராவிட்டால் அச்சகத்தின் ரோஜாப்பூ டிசைன்தான். காவ்யாவுக்கு அந்த ரோஜாவைக் கண்டாலே ஆகாது.

ஆடி ஞாயிறு. அரியலூரில் 9.40க்கு பஸ், பெரம்பலூரில் 10.45. அங்கிருந்து கோட்டை 17 கிலோமீட்டர். நாள் முழுக்க ஆட்டோவுக்கு 900 ரூபாய். 11.45க்குச் சேர்ந்தோம். என் தப்பு இங்கேதான். வெயில் பளீரென்று இருந்தால் நிழலும் அழகாக விழும் என்று நினைத்திருந்தேன். உச்சி வெயிலில் இரண்டு பேர் நிழலும் காலடியில் கத்திரிக்காய் மாதிரி சுருண்டு கிடந்தது.

"இதுல நான் எது?" என்றான் செந்தில்.

"குண்டா இருக்கறது நீதான்" என்றாள் காவ்யா.

காத்திருந்தோம். 4.30க்கு மேற்குப் பார்த்த சுவரில் நிழல் ஏறியது. அய்யோ, என்ன அழகு! மூக்கு, பின்னல், எல்லாம் கத்தரித்து ஒட்டியது போல. மொபைலைத் துடைப்பதற்குள் மேகம் வந்துவிட்டது. வெளிச்சம் வானம் முழுக்கப் பரவிவிட்டால் நிழலுக்கு ஓரமே இருக்காது. சுவர் வெறும் சுவராகிவிட்டது. காவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே ஓடி ஆட்டோ அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, இங்க வேற எங்க நல்ல நெழலு கெடைக்கும்?"

"இத காலைலயே கேக்கக் கூடாதா பாப்பா? ஏறுங்க."

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கரும்புக் கொல்லை ஓரமாக ஒரு பெரிய புளியமரத்தடியில் நிறுத்தினார். "இந்தா. சுத்துப்பட்டுல இத விட நல்ல நெழலு கெடையாது. ஒக்காருங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அண்ணே, எங்க நெழலு விழணும்ணே!"

"வெயில்ல நின்னா விழுது. அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

காவ்யாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். 5.30க்கு மேகம் விலக, சாய்ந்த வெயில் கிளைக்கு அடியில் புகுந்தது. இலை இடுக்கில் வந்த வெளிச்சம் ஆட்டோ மேல் வட்ட வட்டமாக விழுந்து ஆடிக்காற்றில் ஆடியது. அண்ணனின் வெள்ளைத் துண்டை வாங்கி ஆட்டோ பக்கவாட்டில் தொங்கவிட்டேன். வெயில் நேராக விழுந்த இடத்தில் இருவரும் கை நீட்டினார்கள். தள்ளி நின்றபோது நிழல் புகை மாதிரி மங்கல். துணியை நெருங்க நெருங்க விரல்விரலாகத் தெளிந்தது, வளையல் உட்பட. சுற்றிலும் வெளிச்ச வட்டங்கள். எடுத்தேன். 5.41க்கு அனுப்பினேன்.

5.50க்கு அவள் அப்பா போன் செய்தார். "படம் நல்லாருக்கு. ஆமா, இதென்ன கோட்டையில பூப்போட்ட செவுரு?"

"அது புளியமரம்ப்பா" என்றாள் காவ்யா.

போகிறவர்களுக்கு: மதியம் வேண்டாம், நான்கு மணிக்குப் போய்ச் சேருங்கள். ஒரு வெள்ளைத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கூர்மையாக வேண்டுமென்றால் அதை ஒட்டி நில்லுங்கள். மேகம் மூடிவிட்டால் ஆட்டோக்காரரிடம் நல்ல நிழல் எங்கே என்று கேளுங்கள். எந்த நிழல் என்று மட்டும் விளக்கிவிடாதீர்கள்.